மீன் செத்த தொட்டி

என் அண்ணி ஒரு பல் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறாள். அங்கேயே வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள் நான். நாத்தனார் அண்ணியைப் புகழ்ந்து நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், இப்போது கேளுங்கள். அவள் துடைத்த தரையில் சோற்றைப் போட்டுச் சாப்பிடலாம். யார் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசத்தான் வராது.

நோயாளிகள் காத்திருக்கும் அறையில், ஜன்னலோரம், உருண்டையான கண்ணாடித் தொட்டி ஒன்று உண்டு. மீன் செத்து மாதக்கணக்காகிறது. "அழகுக்கு இருக்கட்டும், தினமும் விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்து" என்றார் டாக்டர். ஊற்றினாள். பிற்பகலில் தொட்டியை ஒட்டியிருக்கும் நாற்காலியின் வெள்ளை உறைமேல் வெளியே இருக்கிற தெரு குட்டியாக, தலைகீழாக விழும். பஸ்கள் சக்கரத்தை மேலே வைத்துக்கொண்டு ஓடும்.

"பாத்தியா, ஊரே தலைகீழாத்தான் நடக்குது" என்று சிரிப்பாள்.

நேற்றுக் காலை அந்த உறை கருகிக் கிடந்தது. டாக்டர் வெளியே வந்தார். அத்தனை நோயாளிகள் காது கேட்க, "திருட்டுத்தனமா சிகரெட் பிடிச்சியா? மாசக் கடைசியோட நின்னுக்கோ" என்று கத்தினார். ஒரு அம்மா தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அண்ணி துடைப்பத்தோடு நின்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிகரெட் பட்டால் பொட்டு விழும். இது விரல் நீளத்துக்கு ஒரு கோடு. கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு பல்லில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிற மனிதருக்கு இது தெரியவில்லையா?

இன்று காலை உறையைக் கழற்றக் குனிந்த அண்ணி கையை உதறினாள். சுட்டுவிட்டது. உறைமேல் மிளகு அளவில் ஒரு வெளிச்சம் தகதகத்தது. உருண்டைத் தண்ணீருக்குள் நுழையும்போது வெளிச்சம் வளைகிறது; வெளியேறும்போது இன்னும் வளைந்து ஓரிடத்தில் குவிகிறது. தெருவைக் கவிழ்த்துக் காட்டியதும் அந்த வளைவுதான். இந்த வாரம்தான் காலை வெயில் நேரே ஜன்னலுக்குள் விழ ஆரம்பித்திருக்கிறது; சூரியன் நகர நகர அந்தப் பொட்டும் நகர்ந்து கோடு போட்டிருக்கிறது. பள்ளிக்கூடப் பாடம் இது. படிக்காமலா டாக்டரானார்?

அவரைக் கூப்பிட்டு வந்தேன்.

"கையை இங்க வைங்க சார்" என்றாள் அண்ணி.

வைத்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "சரி சரி, தொட்டியைத் தூக்கி உள்ள வை. நீ வேலையை விட வேணாம்." அவ்வளவுதான். ஒரு பெண்ணைத் திருடி மாதிரி நிற்க வைத்ததற்கு அவ்வளவுதான்.

"தொட்டி இருக்கட்டும் சார்" என்றாள் அண்ணி. "நேத்து உக்காந்திருந்தவங்க பல்லுக்கு மறுபடி வருவாங்கல்ல."

முதலில் வந்தது கைப்பை அம்மாதான். அண்ணி அவளை நேராக அந்த நாற்காலிக்குக் கூட்டிப் போனாள். "அம்மா, கையைக் கொஞ்சம் நீட்டுங்க."

டாக்டர் பதறிக்கொண்டு வெளியே வந்தார். "நேத்து... இவங்க மேல தப்பில்லம்மா. வெயில்தான்" என்று முணுமுணுத்தார்.

"சத்தமா சொல்லுங்க சார்" என்றாள் அண்ணி. "நேத்து சத்தமாத்தானே சொன்னீங்க."