கன்னியம்மா வேண்டாம் என்ற கவிதை

தண்டையார்பேட்டையில் ஒரு டிடிபி, ஃப்ளெக்ஸ் கடையில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவன் நான். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் சாவு விழுந்தால், பாடி எடுப்பதற்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் சுவரில் இருக்க வேண்டும். படம், பெயர், நான்கு வரி கவிதை, கீழே குடும்பத்தார் பெயர்கள். ‘அன்பின் சிகரமே’ மாதிரி கவிதைகள் கம்ப்யூட்டரில் ஸ்டாக் இருக்கும்.

அதில் பாதி பிரபு எழுதியது. காலேஜ் படிக்கும்போது எங்கள் கடையில் பார்ட் டைம் பார்த்தான். முதல் நாளே ஓனர், "கவித வருமா உனக்கு? படிச்சா பொம்பளைங்க கதறணும், தெர்தா?" என்றார். கதறினார்கள். பிறகு ஸ்காலர்ஷிப்பில் அமெரிக்கா போனான். இங்கிலீஷில் எழுதினான், அந்த நாட்டுக் குடிமகனாகி அங்கே பெரிய கவிஞன் என்று பேர் வாங்கினான். புத்தகங்கள், பரிசு, கவிதை சொல்லித்தரும் வாத்தியார் வேலை. எழுதியது பூரா அவன் அப்பா ஏழுமலையைப் பற்றி. ஹார்பரில் லோடு ஏற்றிவிட்டு, குடித்துவிட்டு வந்து பெல்ட்டைக் கழற்றுகிற மனுஷன்.

ஏழுமலை செத்த அன்று பிரபு போன் செய்தான்.

"நான் வரல அண்ணா. ஸ்டாக் வரி போடாதீங்க. நான் எழுதி அனுப்புறேன். அந்தாளுக்கு ஒரு தபா நெசத்த ஒட்டுவோம்."

வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்து ஆடிப்போனேன். குடி, பெல்ட், உடைந்த கை, அத்தனையும் இருந்தது. ஒட்டினால் சாவு வீட்டில் வெட்டுக்குத்து ஆகிவிடும். ப்ரூஃப் எடுத்துக்கொண்டு திருவொற்றியூருக்கு, அவன் அம்மா கன்னியம்மாவிடம் ஓடினேன்.

"எனக்குப் படிப்பு வராது. நீயே படி நைனா" என்றார். ஏழுமலையைக் கிடத்தியிருந்த ஃப்ரீசர் பாக்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் படித்தேன்.

"எல்லாம் நெசந்தான்" என்று கோணலாகச் சேர்ந்திருந்த இடது கையை நீட்டினார். "ஒடஞ்சது இந்தக் கை. இதத்தான் அங்க எய்திகினு கீறானா? பிரைசு குடுத்தது இதுக்கா?"

"ஆமாம்மா."

"என்னாண்ட ஒரு வார்த்த கேக்கலியே."

"ஸ்டாக் வரி போட்டுடட்டுமா?" என்றேன்.

"அன்பின் சிகரம்னா? வேணாம். அவன் எய்துனதும் வேணாம். படம், பேரு, எடுக்கிற நேரம். கீய எம் பேர மட்டும் போடு."

அப்படியே அடித்து ஒட்டினோம். சொந்தக்காரர்கள், பிள்ளை பெயரைக் காணோமே என்று குதித்தார்கள்.

சுடுகாட்டிலிருந்து நாங்கள் சாவு வீட்டுக்குத் திரும்பியதும் பிரபு கூப்பிட்டான். அம்மா சொன்னதைச் சொன்னேன்.

"அது எனக்கும் நடந்ததுதானே அண்ணா. அம்மாவாண்ட குடுங்க."

போனை நீட்டினேன். கன்னியம்மா வாங்கவில்லை.

"எடுத்தாச்சுன்னு மட்டும் சொல்லு" என்றார்.

அடிபட்டவர் உயிரோடு இருந்தால், அச்சுக்குப் போகும் முன் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். எழுதியவன் கவிஞனானாலும் சரி, பெற்ற பிள்ளையானாலும் சரி.