கூலிக்கு உப்பு

ஊரடங்குக்கு மறு வருஷம் எங்கள் உப்பளத்து முதலாளி பாதிக் கூலியை உப்பாகத் தர ஆரம்பித்தார். லாரி வரவில்லை. உப்பு அம்பாரம் கீற்று மூடியபடி கிடந்தது.

"காசு எங்கப்பா இருக்குது? மூட்டையா எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். மூட்டைக்கு அவர் போட்டது நல்ல காலத்து விலை.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்ற வேண்டும். மகள் காய்ச்சலில் கிடந்து பிழைத்ததிலிருந்து ஒரு வருஷமும் விட்டதில்லை. தெருவே வந்து குடிக்கும். அதற்குக் கேழ்வரகு வாங்க, மொபெட்டில் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளியனூர் பக்கம் போனேன். ஒரு விவசாயி, சாமி காரியம் என்று மூட்டைக்கு ஐந்து படி அளந்தார். அம்மா, நீ கைவிடலை என்று வழியெல்லாம் கும்பிட்டுக்கொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் போனால் அதே மனுஷன் இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு படியா? போன வாரம் அஞ்சு குடுத்தீங்களே!"

"ஏம்பா, காலையிலருந்து உங்க ஊர்க்காரன் நாலு பேர் வந்துட்டான். தென்னைக்குப் போட்டாச்சு, மாட்டுக்கு வச்சாச்சு. இனிமே எங்க மாமியார் மேலதான் கொட்டணும்."

உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது: "உன் வாயில கொட்டிக்கடா மொதல்ல!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு இரண்டு படியை வாங்கிக்கொண்டேன். திருப்பிக் கொண்டுவந்தால் பெட்ரோலும் தண்டம். நாளுக்கு நாள் எங்கள் உப்புக்கு மதிப்பு போனது. முதலாளி கணக்கில் மட்டும் பழைய விலை அப்படியே நின்றது.

கூழ் ஊற்றிய அன்று, மாவு போதாமல் என் மனைவி ரேஷன் அரிசி நொய்யையும் தண்ணீரையும் கூட்டினாள். முதலாளி காரில் வந்தார். வழக்கம்போல முதல் சொம்பு அவருக்கு.

"என்னப்பா, இந்த வருஷம் கூழு தண்ணியா ஓடுது?"

"நீங்க குடுத்த மூட்டைக்கு அவ்ளோதாங்க கெடச்சுது."

"உனக்கு விக்கத் தெரியல. இன்னும் ரெண்டு மாசத்துக்கு உப்புதான், பாத்துக்க."

சொம்பை வைத்துவிட்டு நெற்றியை நீட்டினார். குங்குமம் வைத்துவிட்டேன். கற்பூரம் காட்டும்போது அம்மனை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் மேல் எனக்குக் கோபம். இன்றும் அவளைத்தான் கும்பிடுகிறேன். அந்தக் கோபம் மட்டும் போகவில்லை.