வருத்தத்துக்கு எத்தனை புள்ளி

எண்பதுகளின் நடுவில் நெடுந்தீவில் எங்கள் வாசிகசாலையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளினிக் நடக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு டொக்டர் காலை வள்ளத்தில் வந்து பின்னேர வள்ளத்தில் திரும்பிவிடுவார். வருகிறவர்களுக்குத் வரிசைத் துண்டு எழுதிக் கொடுப்பது என் வேலை. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கோபம் மூக்கு நுனியில். வரிசையில் யாராவது முந்தினால், அவர் திரும்பப் பின்னால் போகும்வரை பேனையைத் தொடமாட்டேன்.

சண்டைக் காலம். தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, நித்திரை இல்லை என்று வருகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். மருந்துக் குளிசையால் தீருகிற சங்கதி இல்லை இது என்று டொக்டர் ஒருநாள் பன்னிரண்டு கேள்விகள் அச்சடித்த தாள்களோடு வந்தார். 'இல்லை' என்றால் பூச்சியம், 'சில நாள்' ஒன்று, 'பல நாள்' இரண்டு, 'ஒவ்வொரு நாளும்' மூன்று. மொத்தம் பதினைந்தைத் தாண்டியவர்களை அவர் தனியாக இருத்திக் கதைப்பார். எல்லோரோடும் கதைக்க வள்ளம் காத்திருக்காது.

"புள்ளி போடுற முறையை நீர்தான் ஒழுங்குபடுத்த வேணும்," என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பிஸ்கற் பெட்டி மட்டையில், விடைகள் வரும் இடத்துக்கு நேரே சின்னச் சின்னச் சதுரங்கள் வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் அதன் புள்ளியை எழுதினேன். தாளின்மேல் மட்டையை வைத்தால் போதும், கூட்ட அரை நிமிடம். டொக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கெட்டிக்காரி," என்றார். அன்று முழுக்க நான் நிலத்தில் நடக்கவில்லை.

மட்டை வேலைக்கு வந்த முதல் நாளே ஒரு அக்கா வந்தார். இரண்டு மாதத்துக்கு முன் கடல் தொழிலுக்குப் போன அவர் கணவர் திரும்பவில்லை, வள்ளமும் கிடைக்கவில்லை. அக்கா பொட்டோடுதான் இருந்தார். அவருக்கு முன்னால் சாவு என்ற சொல்லை ஊரில் எவரும் எடுப்பதில்லை.

"கடந்த இரண்டு கிழமையில் வருத்தமாக இருந்ததா?" என்று வாசித்தேன்.

"இல்லைப் பிள்ளை. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை."

வருத்தம் என்று ஐந்து கேள்விகளில் இருந்தது. ஐந்துக்கும் இல்லை. நித்திரைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் மும்மூன்று. என்ன திடமான மனுசி என்று நினைத்தேன். கடைசிக் கேள்வி, செத்தால் நல்லது என்று நினைத்ததுண்டா என்பது. எனக்கு வாய் வரவில்லை. கேட்காமலே 'இல்லை'யில் கோடு போட்டேன். மொத்தம் ஆறு. வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

அடுத்து வந்தவர் திருக்கை முள் குத்திக் கால் வீங்கிய ஒரு அண்ணை. வருத்தக் கேள்வி ஐந்துக்கும், நித்திரைக்கும் சாப்பாட்டுக்கும் அவருக்கு ஒவ்வொரு நாளும். இருபத்தொன்று. உள்ளே அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய குரல் சுவரைத் தாண்டி வந்தது.

"எனக்குக் கால்தான் வருத்தம். மூளை கலங்கின விசரனைக் கேக்கிற மாதிரிக் கேக்கிறியள்."

நான் விறுவிறென்று உள்ளே போனேன். "நீங்கள்தானே அண்ணை ஒவ்வொரு நாளும் வருத்தம் எண்டு சொன்னனீங்கள்?"

"வருத்தமோ எண்டு கேட்டால் வேறென்னத்தைச் சொல்லுறது? கவலையோ எண்டு கேட்டனீரே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் வருத்தம் என்றால் காய்ச்சல், இருமல், வயிற்றுக்குத்து. மனம் நொந்தால் அது கவலை. தாளைத் தமிழில் எழுதியவர் வேறு எங்கோ இருந்தவர், அவருக்குத் தெரியாது. இந்த மண்ணில் பிறந்த எனக்கு என்ன வந்தது? படித்த பிள்ளை என்ற பவுசில் புத்தகத் தமிழாகவே வாசித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

அப்படியானால் அக்கா சொன்ன ஐந்து 'இல்லை'யும் காய்ச்சல் இருமல் இல்லை என்பதுதான். அவருடைய தாளை எடுத்து டொக்டரிடம் நீட்டினேன். டொக்டரின் விரல் கடைசிக் கேள்வியில் நின்றது. "இதுக்கும் இல்லையெண்டே சொன்னவ?"

"நான் கேட்கேல்லை, டொக்டர்."

ஏசுவார் என்று நின்றேன். அவர் ஏசவில்லை. "இப்ப போய்க் கேளும். நான் இருக்கிறன்," என்றார்.

சைக்கிளில் பறந்தேன். அக்கா அடுத்த வீட்டு வளவில் தன் ஆடுகளைக் கட்டிவிட்டு வந்துகொண்டிருந்தார். ஏன் அங்கே கட்டினீர்கள் என்று கேட்டேன். "இனி அந்த வீட்டுச் சனம் பாக்கட்டும்," என்றார். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, கவலையாய் இருக்குதோ?"

"ஒவ்வொரு நாளும்."

பன்னிரண்டாவதையும் கேட்டேன். சொல் சொல்லாகத்தான் வெளியே வந்தது.

"ஓம். இண்டைக்கு எண்டு இருந்தனான்."

கையைப் பிடித்துக்கொண்டு அழுதது நான்தான். அவர் என்னோடு நடந்து வந்தார். டொக்டர் அன்று வள்ளத்தை விட்டுவிட்டு அவரோடு இருந்து கதைத்தார். மறுநாள் அவருடைய தங்கச்சி வந்து கூடவே தங்கிவிட்டார்.

பிறகு தாளில் வருத்தத்தை வெட்டிக் கவலை என்று எழுதினோம். மட்டையையும் புதிதாக வெட்டினேன். பன்னிரண்டாம் கேள்விக்குப் புள்ளியே வைக்கவில்லை. மொத்தம் எதுவானாலும், ஓம் என்றவர் நேரே டொக்டரிடம் போவார். அந்தத் திருக்கை அண்ணைக்கு நான் வாழ்நாளெல்லாம் கடமைப்பட்டவள். அவரோ என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அக்கா நெடுங்காலம் இருந்தார். எங்கே கண்டாலும் என் கையைப் பிடித்து, "நீர் கேட்டபடியால்தான் பிள்ளை நான் இருக்கிறன்," என்பார். முதல்தரம் நான் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியாதோ, தாளின் கடைசி வரியை நான் வாசிக்காமல் விட்டதைக் கண்டும் சொல்லாமல் விட்டாரோ, அறியேன். ஒருநாளும் அவர் அதைக் கேட்டதில்லை. அதற்கும் சேர்த்துத்தான் அவருக்கு என் நன்றி.