மஸ்டரில் போட்ட முதல் கையெழுத்து

1. பேனா பிடித்த கதை

“ஏனுங்க பாய், இந்தப் புள்ளைகிட்டயா மனு எழுதக் குடுக்கறீங்க? இது ஊட்டுல இதுவரைக்கும் ஆராச்சும் பேனா புடிச்சிருக்காங்களா?”

ஏற்காட்டின் ஒண்டிக்கடை முக்கில், சலீம் பாயின் ஜெராக்ஸ் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எங்கள் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் கேட்ட கேள்வி இது. நான் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். கேட்டதில் தப்பும் இல்லை. அப்பாவும் அம்மாவும் காபி பறிக்கிறவர்கள், இருவரும் கைநாட்டு. எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் பி.காம். முடித்தது நான் ஒருத்திதான்.

ரைட்டர் கையில் ஒரு மனு இருந்தது. லைனுக்குத் தெருவிளக்கு வேண்டும் என்று நான்கு பக்கம் உருக்கமாக எழுதியிருந்தார். வனத்துறைக்கு.

“இத பஞ்சாயத்துக்குக் குடுக்கணுமுங்க. வனத்துறைக்குக் குடுத்தா காட்டெருமைக்கு லைட்டு போடுவாங்க” என்றேன்.

அவர் போனதும் பாய் சொன்னார்: “தப்பக் கண்டுபுடி கண்ணு, வேண்டாங்கல. கஸ்டமரு படியெறங்குன பொறவு கண்டுபுடி.”

இந்த வேலைக்கு வருகிற தங்கைகளுக்கு நான் சொல்லும் முதல் பாடம் பாய் சொன்னதுதான். அதை நான் இன்னும் கடைப்பிடித்தபாடில்லை.

அப்போது எனக்கு என் கையெழுத்தின் மீது பெரிய கர்வம். கோகிலா என்று இங்கிலீஷில் எழுதி, கடைசி எழுத்தின் வாலை முன்பக்கம் வரை இழுத்து, அதன் கீழே இரண்டு புள்ளி வைப்பேன். கல்லூரியில் ஒரு நோட்டு முழுக்கப் போட்டுப் பழகியது.

2. மஸ்டர்

காலையில் ஸ்டோர் முன்னால் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதை மஸ்டர் என்போம். நாகலூரிலிருந்து ஏற்காடு போகும் பஸ் நிற்பதும் அங்கேதான். லைனுக்கு எந்தத் தாள் வந்தாலும் அது மஸ்டர் புத்தகத்துக்கு அடியில் வந்து சேரும். தண்ணீர்க் குழாய், கோயில் நோம்பி, ரேஷன், எதுவானாலும் சரி. பேர் கூப்பிட்ட கையோடு ரைட்டர் தாளை நீட்டுவார்.

“படிச்ச புள்ள மொதல்ல போடட்டும்” என்பார். பஸ் ஹாரன் அடிக்கும். நான் வாலை இழுத்து இரண்டு புள்ளி வைத்துவிட்டு ஓடுவேன். எனக்குப் பின்னால் வரிசையாக எல்லோரும் போடுவார்கள். தாளில் என்ன இருக்கிறது என்று கேட்டு எங்கள் லைனில் ஒருவரும் பஸ்ஸையோ வேலையையோ விட்டதில்லை.

3. செல்வி அக்கா

செல்வி அக்கா காபிக் களத்தில் கொட்டை பொறுக்குகிறவர். எங்கள் வீட்டிலிருந்து ஐந்தாவது வீடு. என்னைப் பார்த்தால் “கலெக்டரம்மா, பஸ்ஸு போயிருச்சுங்க” என்பார். பஸ் போயிருக்காது. நான் ஓடுவதைப் பார்க்க அவருக்கு அவ்வளவு ஆசை.

பல வருஷம் முன்பு அக்காவின் வீட்டுக்காரரை லைனில் இருந்த ஒருவன் வெட்டிக் கொன்றான். அவன் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொன்னது அக்கா ஒருவர்தான். அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. உடம்பு சரியில்லாத தாயைப் பார்க்க ஆறு நாள் பரோலில் வந்தான். வந்தது ஒரு சாயங்காலம். மறுநாள் காலை, குழாயடிக்குப் போன அக்கா திரும்பி வரவில்லை. அங்கேயே அவரையும் வெட்டியிருந்தான்.

மூன்று நாள் யாரும் வேலைக்குப் போகவில்லை. களத்தில் காய்ந்த கொட்டையைக் கூட்டி மூட ஆள் இல்லை. ஒண்டிக்கடையில் யாரும் சொல்லாமலே கடைகள் சாத்தியிருந்தன. பாய் ஷட்டரை இறக்கிவிட்டு என்னுடன் லைனுக்கு வந்து, அக்காவின் அம்மா மாராயி அம்மாவின் வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

4. மனு

நான்காம் நாள் லைன் மொத்தமும் கடைக்குள் நுழைந்தது. நுழைய முடியாதவர்கள் ஜன்னலில் தொங்கினார்கள்.

“பரோலே கூடாதுன்னு எழுது கண்ணு!”

“ஜெயிலு கேட்டுக்கு வெல்டிங் வெக்கச் சொல்லு!”

“முதல்வருக்கு ஒண்ணு, கவர்னருக்கு ஒண்ணு, பிரதமருக்கு ஒண்ணு” என்றார் ரைட்டர். வனத்துறைக்கும் ஒன்று போடலாமா என்று கேட்க வாய் வரை வந்தது. பாய் முறைத்ததால் விழுங்கிக்கொண்டேன்.

“அப்படியே நம்ம லைனுக்குச் சாயங்காலம் இன்னொரு பஸ்ஸு வேணும்னு கீழ ஒரு வரி சேத்துக்க சாமி” என்றது ஜன்னல்.

மாராயி அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் சொல்லுங்கள் என்றேன்.

“அவன் வாரான்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, புள்ளைய அவ தம்பி ஊட்டுக்கு சேலத்துக்கு அனுப்பிச்சிருப்பேன் சாமி. ஒரு வார்த்தைங்க. வேற என்ன கேக்கப் போறேன்?”

அதையே மனுவாக எழுதினேன். பரோலில் ஒருவரை விடும் முன், அவரால் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் சாட்சி சொன்னவருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். முதல் வரி: ‘எங்களை யாரும் கேட்கவில்லை.’

மறுநாள் மாராயி அம்மாவின் வக்கீல் பரோல் விசாரணைக் காகிதங்களின் நகலைக் கொண்டு வந்து இன்னொரு பிரதி கேட்டார். ஒவ்வொன்றாக மெஷினில் வைத்தேன். மூன்றாவது தாள்: ‘இவர் விடுப்பில் வருவதில் ஊராருக்கு ஆட்சேபணை இல்லை.’ கீழே முதல் கையெழுத்தில் வால் இருந்தது. வாலுக்குக் கீழே இரண்டு புள்ளி.

இரண்டாவது ரைட்டருடையது. அதன் கீழே கைநாட்டுகள். ஆறாவது கைநாட்டுக்குப் பக்கத்தில் ரைட்டர் எழுத்தில் ‘செல்வி’ என்று இருந்தது.

எனக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. நான் பஸ்ஸுக்கு ஓடும்போது பின்னால் அக்காவின் குரல் கேட்டது: “கலெக்டரம்மாளே போட்டிருச்சு, அப்பறமென்ன?”

பரோலில் வந்தவனின் அண்ணன் அந்தத் தாளைப் புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருந்தாராம். மறைக்கவில்லை. அவன் பெயர் தெளிவாக இருந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் படிக்கவில்லை.

ரைட்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தாளைக் கவிழ்த்து வைத்தார். “இந்தத் தாள மனுவோட சேக்க வேண்டாம் கண்ணு. ஆரு கேக்கப் போறாங்க?”

“நம்மள யாரும் கேக்கலைன்னு நாம எழுதியிருக்கோமுங்க. கேட்டிருக்காங்க. நாமதான் பாக்கல.”

அன்று மாராயி அம்மாவின் வீட்டுக்குப் போய்த் தாளைப் படித்துக் காட்டினேன். செல்வி என்ற இடத்தைக் கேட்டு, அதன் மேல் விரலை வைத்துக்கொண்டார்.

“படிச்சிருந்தா நிறுத்தியிருப்பியா?”

“நிறுத்தியிருப்பேனுங்க.”

அவர் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. “இருட்டறதுக்குள்ள ஊட்டுக்குப் போ” என்றார்.

மனுவின் முதல் வரியை மாற்றினேன்: ‘இணைத்துள்ள தாளில் முதல் கையெழுத்து என்னுடையது. படிக்காமல் போட்டேன்.’ அடுத்த வரி, இனி இப்படிப்பட்ட தாளை ஊர் முன்னால் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்பது. பாய் நான் டைப் அடித்ததைப் பார்த்துவிட்டு எனக்கு டீ வாங்கி வரப் போனார். ரைட்டர் வந்து படித்தார்.

“நானும் படிக்கலைன்னு சேத்துக்க” என்றார். படியிறங்கியவர் திரும்பி வந்தார். “ரைட்டருன்னு போடாத கண்ணு. பேர மட்டும் போடு.”

5. பதில் வருவதற்குள்

மனுவைச் சேலம் கலெக்டர் ஆபீஸில் கொடுத்து ரசீது வாங்கிவிட்டோம். பதில் இன்னும் வரவில்லை.

போன வாரம் மஸ்டர் புத்தகத்துக்கு அடியில் இன்னொரு தாள் வந்தது. அடிதடி வழக்கில் உள்ளே இருக்கும் ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்கு வருகிறார், ஆட்சேபணை உண்டா என்று. நான் காபி எடை போடும் மேடையில் ஏறி நின்று சத்தமாகப் படித்தேன். பஸ் ஹாரன் அடித்தது.

“பஸ்ஸு போவுது கண்ணு” என்றார் ரைட்டர்.

“போகட்டுமுங்க.” இந்த முறை உண்மையிலேயே போனது.

“கல்யாணத்துக்கு அப்பன் வேணும், வரட்டும்” என்றார்கள் சிலர். மாராயி அம்மா கூட்டத்தின் ஓரத்திலிருந்து கேட்டார்: “அடி வாங்குனவன் ஊட்டுக்குச் சொல்லியாச்சா?”

யாரும் சொல்லியிருக்கவில்லை. அடி வாங்கியவரின் வீடு கீழ் லைனில், சரிவில் அரைமணி நடை. தாளில் ஒரு கையெழுத்தும் வாங்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். பத்தடி போயிருப்பேன்.

“நில்லு சாமி, நானும் வாரேன்” என்று மாராயி அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.

அந்த வீட்டுக் கதவைத் தட்டினோம். “ஆருங்க?” என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. கதவு திறந்ததும் தாளைப் பிரித்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.