பதினொன்றரை மணிப் பட்டியல்

1. சனி மாலை என் அணியின் பட்டியலை முடித்தேன். ஓட்டக்காரன் ஒருவனுக்குக் கணுக்கால் நோவு; அவன் பெயரருகே கேள்விக்குறி போட்டேன்.
2. ஞாயிறு பத்து மணிக்கு மாதா கோயிலில் தமிழ்ப் பூசை. வழக்கம்போல அம்மா கோயில் வாசலில் எங்கள் போன்களை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டார்.
3. பதினொன்றரைக்கு, அன்று விளையாடாதவர்களின் பெயர்கள் வெளியாகின. நான் குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன்.
4. ஒரு மணிக்கு ஆட்டங்கள் தொடங்கின. அதன்பின் பட்டியலை மாற்ற முடியாது.
5. ஒன்று ஐந்துக்குப் போன் கைக்கு வந்தது.

அமெரிக்கன் ஃபுட்பாலை எங்கள் குடும்பத்தில் எவரும் விளையாடியதில்லை. அண்ணா, மச்சான்மார், நான் என்று பத்துப் பேர் ஒரு லீக் வைத்திருந்தோம். உண்மையான வீரர்களைப் பங்கிட்டு ஆளுக்கொரு கற்பனை அணி. மைதானத்தில் அவர்கள் ஓடும் தூரம் எங்களுக்குப் புள்ளிகளாக வரும். கடைசியாக வருபவருக்கு அடுத்த வருடம் இடமில்லை. அந்த விதியை எழுதியவர் அண்ணா. அப்போது அவர் மல்வேர்னில், எங்கள் வீட்டில், எனக்கு அடுத்த அறையில் இருந்தார். பிறகு வேலைக்காகத் தொலைவிலுள்ள கல்கரிக்குப் போய்விட்டார். அதன்பின் நாங்கள் ஞாயிறுகளில் மட்டும், இந்த ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசினோம். வேறெதையும் தொடங்க எங்களுக்குத் தெரியவில்லை.

அந்த டிசம்பர் ஞாயிறு கடைசி இரண்டு இடங்களில் நாங்கள் இருவரும் இருந்தோம். போட்டியும் எங்களுக்குள்தான். யார் தோற்றாலும் அந்தப் பேச்சு போய்விடும்.

நான் மென்பொருள் சோதிப்பவள். ஒரு வாரப் புகழை நம்பமாட்டேன். மூன்று வருட ரெக்கோட்டைப் பார்ப்பேன். அந்த ஓட்டக்காரன் குளிரில் நன்றாக ஓடுபவன். பதினொரு மணிக்குப் பூசை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அது திருவருகைக் காலம், கிறிஸ்மஸுக்கு முன் எல்லோரும் பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்கும் நாட்கள் என்பதை மறந்துவிட்டேன்.

"அம்மா, போன் ஒருக்கா."

"ஆண்டவரிட்டையும் ஸ்கோர் பார்க்கவே வந்தனி? வரிசையில நில்லு."

வண்ணக் கண்ணாடி வழியே வந்த வெளிச்சம் தரையில் பச்சையாக நீண்டு கிடந்தது. வரிசை நகர நகர அதன்மேல் நடந்தேன். மனதுக்குள் எங்கோ ஒரு மைதானத்தில் பனி பெய்தது. என் ஓட்டக்காரன் சத்தமில்லாமல் ஓடினான். எவரும் அவனைப் பிடிக்கவில்லை. எல்லைக்கோடு மட்டும் தள்ளித் தள்ளிப் போனது. எனக்கு அவசரமே இருக்கவில்லை. அம்மா கைப்பையோடு குருவிடம் உள்ளே போய் நெடுநேரம் வெளியே வரவில்லை.

வாகனத் தரிப்பிடத்தில் போனைப் பார்த்தால் ஒன்பது அழைப்புகள். எல்லாம் அண்ணா. திருப்பி அழைத்தேன்.

"எங்கையடி போனனி? உன்ர ஆள் இண்டைக்கு இறங்கேல்லை!"

"பாவசங்கீர்த்தனம்."

"அப்பிடி என்ன பாவமடி செய்தனி, இவ்வளவு நேரம்?"

"நான் இல்லை. அம்மா."

"அப்ப சரி. நேரம் காணாதுதான்."

சிரித்து முடித்தபின் கேட்டேன். "நான் தோத்தா நீங்கள் தப்புவீங்கள். பிறகேன் எனக்குப் போன் அடிச்சனீங்கள்?"

"உது வேற கதை," என்றார். இருவரும் போனை வைக்கவில்லை.

அந்த ஓட்டக்காரனின் பூச்சியத்தால் தோற்றேன்.

செப்டெம்பரில் புதிய பருவத்தின் முதல் ஞாயிறு, பதினொன்றரைக்கு அண்ணா அழைத்தார். "ஆரை இறக்கிறது?" என்று கேட்டார். எவரும் கேட்காமலே நான் அவருடைய அணிக்கு ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தேன்.

இப்போது நான் லீக்கில் இல்லை. அண்ணாவின் அணி எட்டாம் இடத்தில் இருக்கிறது. ஞாயிறுகளில் அவர் அழைக்கிறார். அம்மா இன்னமும் போன்களைக் கைப்பைக்குள்தான் போடுகிறார். பூசை முடிந்ததும் என்னுடையதை முதலில் எடுத்துத் தருகிறார்.