எங்கள் டேட்டாபேஸின் பத்தொன்பது குறைகள்

கிள்ளானில் பழைய லோரி உதிரிப் பாகங்கள் விற்கும் கடையில் ஸ்டோர் பார்க்கிறவன் நான். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டேன். இப்படிப்பட்ட எனக்கு, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி ஒரு மென்பொருளை எப்படி விளம்பரப்படுத்துவது என்று சண்டை போடும் கூட்டத்தில் என்ன வேலை என்று என் மனைவி இன்றைக்கும் கேட்கிறாள். பயம்தான் காரணம் என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள்.

ஒரு மழைக்காலத்தில் கடைக்குள் தண்ணீர் ஏறி, எங்கள் ஸ்டாக் புத்தகம் கூழாகிப் போனது. எந்த கியர்பாக்ஸ் எந்த அலமாரியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பயத்தில்தான் வீடியோ பார்த்துப் பார்த்து டேட்டாபேஸ் கற்றுக்கொண்டேன். திறந்த மூல டேட்டாபேஸ். யாரும் சும்மா எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம், தப்பு தெரிந்தால் திருத்தி அனுப்பலாம். ஆறு வருடமாக எங்கள் கடையின் ஒவ்வொரு போல்ட்டும் அதில்தான் இருக்கிறது. நகல் எடுத்துக் கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று, அரிசி டின்னுக்குள் ஒன்று வைத்திருக்கிறேன். திருடன் அரிசி டின்னைத் திறக்க மாட்டான் என்பது என் கணக்கு.

பிரிக்பீல்ட்ஸ் கூட்டம் பெரிய கூட்டமெல்லாம் இல்லை. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் ஒரு நீள மேசை. தலைமை தாங்குபவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எல்லாருக்கும் அவர் சார். செந்தூலில் அச்சகம் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் வருவார், கல்யாண பேனர் ஆர்டர்களை இதே டேட்டாபேஸில் வைத்திருப்பவர். கோயம்புத்தூரிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த ஒரு தங்கச்சிதான் எங்களில் உண்மையாகவே படித்தவள். மற்றவர்கள் வருவார்கள், சாப்பிடுவார்கள், போவார்கள்.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. உலகம் முழுக்க இந்த டேட்டாபேஸை எழுதுகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள் என்று தங்கச்சி சொல்லி, நாங்களும் பிடித்துக்கொண்டது: ஒருவர் கையைத் தூக்கி ஆட்சேபம் சொன்னால் காரியம் நடக்காது. அந்த ஒருவரை எல்லாரும் சேர்ந்து சம்மதிக்க வைக்க வேண்டும். அதனாலேயே எட்டு மாதமாக எங்கள் விளம்பரம் நடக்கவில்லை.

எனக்கு அது ஒரு கவலையாகவே இருந்ததில்லை, எங்கள் முதலாளியம்மாவிடம் டை கட்டிய ஒரு ஆள் வந்து உட்காரும் வரைக்கும். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் ஒன்றைக் காட்டி, "ஆன்டி, எல்லாம் அதுவே பார்த்துக்கும். இந்த வேலைக்குன்னு தனியா ஓர் ஆளே வேணாம்," என்றான். அந்த ஆள் நான்தான். அவன் பக்கத்திலேயே நின்று தே தாரேக் டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை கையெழுத்து வாங்க வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். அவனுடைய விளம்பரத்தாள் கண்ணாடி மாதிரி மின்னியது. அதில் சிரித்த பெண்ணுக்குப் பல் கூட மின்னியது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இது போனால் எனக்கு வேறு எதுவும் தெரியாது.

அந்த ஞாயிறு கோமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே போனேன், உட்கார்ந்தால் தூங்கி கேஎல் சென்ட்ரலைத் தாண்டிவிடுவேனோ என்று. மேசையில் விஷயத்தைக் கொட்டினேன். முதலாளியம்மாவிடம் காட்ட ஒரே ஒரு நல்ல துண்டுத்தாள் வேண்டும், சனிக்கிழமைக்குள்.

"துண்டுத்தாள் எதுக்கு?" என்றார் அச்சக அண்ணன். "இருபது அடியில பேனர் அடிச்சுரலாம் லா. லைட் போட்டு. உங்க கடைக்கு எதிர்ல கட்டுவோம்."

"எதிர்ல பிணம் எரிக்கிற சாமான் விக்கிற கடைண்ணே."

"அப்ப இன்னும் நல்லது. எல்லாரும் ஒரு நாளைக்கு அந்தப் பக்கம் வந்துதானே ஆகணும்?"

சார் எட்டு மாதமாகச் சொல்லிவரும் யோசனையை மறுபடி சொன்னார். "கோயில் திருவிழாவுல மோர்ப் பந்தல் போடுவோம். ஒரு கிளாஸ் மோர், கூடவே ஒரு விளக்கம். ஜனங்க கிட்ட போய்ச் சேரும்."

"சார், வெயில்ல மோர் குடிக்கிறவன்கிட்ட போய் டேபிள், இன்டெக்ஸ்னு பேசினா மோரை நம்ம மேலயே ஊத்துவான் சார்," என்றாள் தங்கச்சி. பிறகு என்னைப் பார்த்தாள். "துண்டுத்தாள் போடலாங்கண்ணா. ஆனா ஒண்ணு. நம்ம டேட்டாபேஸ் ஒவ்வொரு தடவை புதுசா வெளியிடறப்பவும் என்னென்ன குறை இருக்குன்னு அவங்களே எழுதித் தர்றாங்க. நாம மட்டும் மறைச்சா அது என்ன நியாயம்ங்க? குறையும் போடணும். இல்லீன்னா நான் கை தூக்கிருவேன்."

"அம்மா தாயே, என் வேலை போயிரும்மா!"

"பொய் சொல்லிக் காப்பாத்தற வேலை எதுக்குங்கண்ணா?"

படித்தவர்களிடம் எனக்கு எப்போதும் இதுதான் தொல்லை. பதில் வீட்டுக்குப் போன பிறகுதான் வரும்.

சரி, குறையும் போடுவோம், இரண்டு மூன்று இருக்குமா என்று கேட்டது என் தப்பு. தங்கச்சி எங்கள் வாட்ஸ்அப் புலனக் குழுவில் வரைவைப் போட்டாள். யாரும் திருத்தலாம், அதுவும் எங்கள் வழக்கம். எட்டு மாதமாக ஒரு வரி எழுதாதவர்கள் எல்லாம் குறை எழுத ஆரம்பித்தார்கள். அப்படி ஒரு உற்சாகத்தை நான் எங்கள் குழுவில் பார்த்ததே இல்லை. கையேடு தலையணை அளவு இருக்கிறது என்று ஒருவர். பாஸ்வேர்டு மறந்தால் அழத்தான் வேண்டும் என்று ஒருவர். சாப்பாட்டுக்கு வந்து போகிறவர் என்று நான் நினைத்திருந்த ஒருவர், இதைப் பற்றி வீட்டில் பேசினால் மனைவி எழுந்து போய்விடுகிறாள் என்று எழுதினார். மென்பொருளின் குறையா அது என்று சார் கேட்டார். அதை நீக்கக் கூடாது என்று எழுதியவர் ஆட்சேபம் சொல்ல, அதுவும் தாளில் நிலைத்தது. வியாழக்கிழமை பார்த்தால் நல்ல விஷயம் நான்கு, குறை பத்தொன்பது.

நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். நல்லது மேல் பாதியில், குறை கீழ்ப் பாதியில் வரும். கத்தரிக்கோலால் கீழ்ப் பாதியை வெட்டிவிட்டு முதலாளியம்மாவிடம் கொடுப்பது. பாவம்தான். சனிக்கிழமை காலையில் கத்தரிக்கோலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தாள் கட்டு வரப் பின்னால் ஸ்டோரில் காத்திருந்தேன்.

அச்சக அண்ணன் நல்ல மனுஷன். எங்கள் கடைக்கு ரசீதுப் புத்தகம் கொண்டுவந்தவர், அந்தக் கட்டையும் நேராக முதலாளியம்மா மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அதோடு, குறைகள் நிறைய இருந்ததால் அவற்றை முன்பக்கம் பெரிய எழுத்தில் போட்டு, நல்லதைப் பின்பக்கம் தள்ளியிருந்தார். தலைப்பு சிவப்பில்: 'இதன் குறைகள்'.

நான் உள்ளே போனபோது டை கட்டியவன் பேனாவோடு உட்கார்ந்திருந்தான். முதலாளியம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். ஏழு, எட்டு, ஒன்பது. நான் கத்தரிக்கோலைச் சட்டைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினேன்.

அவர் அவனிடம் கேட்டார். "தம்பி, உங்க சாமான்ல என்ன கோளாறு?"

"ஒண்ணும் இல்ல ஆன்டி."

"ஒண்ணு கூடவா?"

"ஜீரோ, ஆன்டி. கேரண்டி."

"முப்பது வருஷமா பழைய கியர்பாக்ஸ் வாங்கி விக்கிறேன். ஒண்ணுமே இல்லன்னு சொன்னவன்கிட்ட ஒரே ஒரு தடவ வாங்குனேன். அதப் பிரிச்சா உள்ள கியரே இல்ல."

அவன் பேனாவை மூடினான். போகும்போது எங்கள் தாளில் ஒன்றை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

நான் மூச்சு விட்டு முடிப்பதற்குள் முதலாளியம்மா என் பக்கம் திரும்பினார். "பன்னெண்டாவது குறை. 'இதில் தேர்ந்த ஆட்கள் கிடைப்பது கஷ்டம்.' அப்படியா?"

"ஆமாங்கம்மா."

"அப்ப நீ மண்டையப் போட்டா என் கடை கதி என்ன?"

இந்தக் கோணத்தில் நான் கவலைப்பட்டதே இல்லை என்பதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. அன்றைக்கே கிளினிக்குக்கு அனுப்பிவிட்டார், உச்சி முதல் பாதம் வரை செக்கப். ரத்த அழுத்தம் எகிறியது. ஏதாவது மனக்கவலையா என்று டாக்டர் கேட்டார். ரிசல்ட் எப்படி வருமோ என்ற கவலைதான் என்றேன். சட்டைப்பையில் இருந்த கத்தரிக்கோல் என்ன என்று கேட்டார். முதலாளியம்மாவுக்குத் தெரியாமல் தாளை வெட்ட வைத்திருந்தது என்று சொன்னதும் என் அழுத்தம் இன்னும் ஏறியது.

கிளினிக் காகிதத்தைப் பார்த்த முதலாளியம்மா, "உன்ன நம்பி இருக்க முடியாது," என்று நாற்காலியை இழுத்து என் கம்ப்யூட்டர் முன்னால் போட்டார். "எனக்குச் சொல்லிக்குடு." அறுபத்தாறு வயதில் அவர் முதலில் தட்டிய கட்டளை, ஸ்டோரில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காட்டு என்பது. திரை ஓடிக்கொண்டே இருந்தது. "பரவால்ல, நல்லாத்தான் இருக்கு," என்றார், தேரோட்டம் பார்ப்பது போல.

என் வேலை நிலைத்தது. ஆனால் அடுத்த மாதம் அவரும் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்துவிட்டார், என்னையும் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு. சாப்பாடு முடிவதற்குள் மோர்ப் பந்தலுக்கு ஆட்சேபம் ("உப்பு கம்மியா இருந்தா டேட்டாபேஸத்தான் திட்டுவான்"), பேனருக்கு ஆட்சேபம் என்று இரண்டு முறை கை தூக்கிவிட்டார். இப்படி ஒரு உறுப்பினருக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தது போல சார் முகம் மலர்ந்தது. பிறகு முதலாளியம்மா துண்டுத்தாளை எடுத்து, அதில் ஒரு குறை விட்டுப்போயிருக்கிறது என்றார்.

"எழுதிக்கோங்க. 'இத பார்த்துக்கிற ஆளு எப்பவும் பயந்துகிட்டே இருப்பான்.'"

தங்கச்சி எழுதிக்கொண்டாள். சார் மேசையைச் சுற்றிப் பார்த்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். எனக்கு இருந்தது. முதலாளியம்மா முன்னால் கை தூக்கலாமா, தூக்கினால் நாளைக்குக் கடையில் என்ன ஆகும், தூக்காவிட்டால் ஊரெல்லாம் என்ன நினைக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே, அது இருபதாவது குறையாக ஏகமனதாக நிறைவேறிவிட்டது.