கறண்ட் போனதும் மறந்துபோன மயில்

டீசல் புகையும் கற்பூர வாசமும் ஒன்றாக வந்தால் எனக்கு உடனே மானிப்பாய்க் கோயில் வீதிதான் ஞாபகம் வரும். கூடவே உள்ளங்கை அளவில் ஒரு பச்சைப் போர்ட்...

எஃப்.பி.ஜி.ஏ. போர்ட். கம்பஸில் படிக்கும்போது நானும் என் தோழி சுகியும் இருப்பதிலேயே மலிவானதாகத் தேடி வாங்கியது. அதிலிருந்த குட்டி லைற் ஒன்றை மினுக்கவே ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. மினுங்கியதும் நாங்கள் போட்ட சத்தத்தில் அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தா!

அடுத்த ஆசை பெரிது. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் குகன் அண்ணை திருவிழாக்களுக்கு லைற் சோடனை செய்பவர். அவருடைய மயில் தோகை விரிக்கும் லைற் வளைவை எங்கள் போர்ட்டால் ஓட்ட வேண்டும்.

"உதுக்குள்ளை என்ன, புரோகிராமே ஓடுது?" போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டியதும் கேட்டார்.

"இல்லை அண்ணை, நாங்கள் எழுதிற மாதிரி உள்ளுக்கை இருக்கிற சேர்கிட்டே மாறிடும்" என்றாள் சுகி.

அவர் போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப, கறண்ட் குடுக்காமல் இப்ப உது என்னவா இருக்குது?"

அதை நாங்கள் யோசித்ததே இல்லை.

"சரி பிள்ளையள், சாமி வெளிவீதி வரேக்கை மயில் ஆடோணும். ஆடாட்டி இனி உந்தப் பெட்டியோடை என்னட்டை வரப்படாது."

அன்று பொழுதுபட மயில் அழகாக ஆடியது. மேளச் சத்தம் கிட்ட வரும் நேரம் பார்த்துக் கறண்ட் போனது. அது கறண்ட் வெட்டுகிற காலம்... உடனே ஜெனரேற்றர் பிடித்தது. எல்லா வளைவுகளும் எரிந்தன, எங்கள் மயிலைத் தவிர.

"எரிஞ்சு போட்டுதோடி?" சுகி போர்ட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

லப்டொப்பைக் கொழுவி, நடக்கிறது நடக்கட்டும் என்று நாங்கள் எழுதியதைத் திரும்ப ஏற்றினேன்.

சாமி மூலை திரும்ப, மயில் தோகை விரித்தது. அப்பாடா!

போர்ட் எரியவில்லை, மறந்திருக்கிறது. கறண்ட் இருக்கும்வரை மட்டும் நிற்கும் இடத்தில்தான் நாங்கள் எப்போதும் ஏற்றியிருக்கிறோம். நிரந்தரமாகச் சேமிக்கும் இடமும் அதே போர்ட்டில் இருந்தது, நாங்கள்தான் தேடவில்லை. பூசை முடிந்ததும் அங்கே ஏற்றிவிட்டு, வயரைக் கழற்றிக் கழற்றிக் கொழுவினோம். ஒவ்வொரு முறையும் மயில் வந்தது.

"காணும் பிள்ளையள், வயரை அறுத்துப்போடாதேங்கோ" என்று குகன் அண்ணை சிரித்தார்.

இப்போது கொழும்பில் எனக்குப் பெரிய பெரிய போர்ட்டுகளோடு வேலை. கறண்ட் போவதும் இல்லை, கத்திக் கொண்டாடுவதும் இல்லை. சுகி கனடாவில். ஆனாலும் புதுப் போர்ட் வந்தால் வயர் கொழுவ முன்னம் கொஞ்ச நேரம் கையில் வைத்திருப்பேன். இப்ப நீ என்னவா இருக்கிறாய்?

போன கிழமை குகன் அண்ணை ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அதே வளைவு, நாங்கள் அவரிடமே விட்டுவந்த அதே போர்ட். நடுவில் அவரே சுவிச்சை நிறுத்தி, திரும்பப் போடுகிறார். இருட்டு... பிறகு முதல் இறகிலிருந்து தோகை விரிகிறது.

"பார் பிள்ளை, இன்னும் மறக்கேல்லை."

சுகிக்கும் அனுப்பினேன். அவள் பதில் எழுதவில்லை, உடனே கோல் எடுத்தாள்.